செயற்கைக் கைரேகை: யாருடைய விரலைப் பார்த்து வரையப்படுகிறது?

நெமிலி வட்டாரத்திலிருந்து ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளுக்குச் செல்வோரில் தலித் தொழிலாளர்கள் பலர். தோலிலிருந்து மயிரைக் களையும் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் அவர்களது விரல் நுனியையும் அரிக்கின்றன. தேய்ந்த விரலை ரேஷன் கடைக் கருவி ஏற்க மறுப்பதை நாம் அறிவோம். அதே விரல் குற்ற வழக்கில் ஒப்பிடப்பட்டால் என்ன நேரும் என்பதை நாம் போதிய அளவு பேசவில்லை.

கைரேகையை ஒப்பிடும் மென்பொருளின் பிழை விகிதத்தை அளக்க ஆயிரக்கணக்கான ரேகைகள் வேண்டும். உண்மையான மனிதர்களின் ரேகைகளைத் திரட்டுவது அந்தரங்க உரிமையைப் பாதிக்கும். எனவே ஆய்வாளர்கள் அவற்றைக் கணினியில் உருவாக்குகின்றனர். இத்தாலியின் பொலோனியா பல்கலைக்கழகம் உருவாக்கிய ஸ்ஃபிஞ்ஜே என்னும் மென்பொருள் முதலில் ரேகைகளின் போக்கையும் அடர்த்தியையும் அமைத்து ஒரு முழு ரேகையை வரையும். பின்னர் அதன்மேல் அழுத்தம், ஈரம், கீறல் போன்ற சிதைவுகளைச் சேர்க்கும். 2000, 2002, 2004 ஆண்டுகளின் பன்னாட்டுக் கைரேகை ஒப்பீட்டுப் போட்டிகளில் நான்கு தொகுப்புகளுள் ஒன்று இவ்வாறு உருவானதே. (உப்பு, அமினோ அமிலம், எண்ணெய்ப்பசை கலந்த செயற்கை வியர்வையால் ரேகை பதித்து, நின்ஹைட்ரின் போன்ற வேதிப்பொருள்களைச் சோதிக்கும் முறை வேறு.)

சிக்கல் சிதைவில் இருக்கிறது. எவ்வகைச் சிதைவு, எவ்வளவு என்பதை வடிவமைப்பவரே தீர்மானிக்கிறார். இரசாயனம் அரித்த விரலை அவர் எண்ணிப் பார்க்கவில்லையெனில், அறிவிக்கப்படும் பிழை விகிதம் அந்த விரலுக்குப் பொருந்தாது.

2022ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணுதல்) சட்டப்படி, கைதாகும் எவரிடமும் கைரேகை பெறலாம். அப்பதிவை 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம். ரேகை ஒப்பீட்டில் வல்லுநர்களும் தவறுவர் என்பதற்கு, 2004இல் மாட்ரிட் குண்டுவெடிப்பு வழக்கில் அமெரிக்க வழக்கறிஞர் பிராண்டன் மேஃபீல்டை எஃப்.பி.ஐ. தவறாகக் கைதுசெய்ததே சான்று. அவர் சட்டம் அறிந்தவர். சுண்ணாம்புத் தொட்டியில் நிற்பவருக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

பாரதிய சாட்சிய அதினியம் பிரிவு 39இன்படி வல்லுநர் கூறுவது கருத்து மட்டுமே. எனவே குறுக்கு விசாரணையில் கேட்க வேண்டும்: இம்மென்பொருள் எத்தொகுப்பில் சோதிக்கப்பட்டது? அதில் தேய்ந்த விரல்கள் எத்தனை? அவற்றுக்கான பிழை விகிதம் தனியே உண்டா?

தேய்ந்த விரல்களை ஆராய்வதாகச் சொல்லித் தொழிலாளர்களின் ரேகைகளைத் திரட்டுவது இன்னொரு கண்காணிப்பாகிவிடும். செயற்கை முறை இங்கேதான் நமக்கு உதவும்: ரேகை எங்கே அறுபடுகிறது, எங்கே மழுங்குகிறது என்பதை மட்டும் தொழிலாளரின் ஒப்புதலோடு அளந்து, ஆளை அடையாளம் காட்டாத ரேகைகளை உருவாக்கலாம். அரசுத் தடய அறிவியல் துறையிடம் இதைக் கோர வேண்டும்.