மாடித் தோட்டத்துக்கு மருந்து பம்பு: டப்பாவைப் பார்க்காதீங்க, மூக்கைப் பாருங்க!

சென்னையில் இப்போது எத்தனையோ வீட்டு மொட்டை மாடிகளில் கத்தரியும் வெண்டையும் காய்க்கின்றன. கூடவே மாவுப்பூச்சியும் வந்துவிடுகிறது!

இலைக்கு அடியில் பஞ்சு ஒட்டியது போல வெள்ளையாகத் தெரியும். முதலில் ஓர் இலை. கவனிக்காமல் விட்டால் செடி முழுவதும். பிறகென்ன, ஆபீஸ் விட்டு வரும் வழியில் பாரிமுனையில் இறங்கி ஒரு ஸ்பிரேயர் வாங்க வேண்டியதுதான்.

அங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

"பெரிசா ஒண்ணு குடுங்கண்ணே, அடிக்கடி ரொப்ப முடியாது" என்று 16 லிட்டர் முதுகு பம்பை வாங்கிப் போகிறவர்கள் உண்டு. அது வயல்காட்டுக்கு உரிய சாமான். தண்ணீர் மட்டுமே 16 கிலோ! பத்துத் தொட்டிக்கு அதை முதுகில் மாட்டினால், ராத்திரி இடுப்புக்குத் தைலம் தேய்க்க ஆள் தேட வேண்டும். கலக்கிய மருந்தில் முக்கால்வாசி மிஞ்சும். வேப்பெண்ணெய்க் கரைசலை மறுநாளைக்கு வைத்தால் வேகம் போய்விடும்.

எது போதும்?

பால்கனியில் நாலைந்து தொட்டிதான் என்றால் விரலால் அமுக்கும் ஸ்பிரே பாட்டில் போதும். அதற்கு மேல் போனால் விரல் கெஞ்சும்.

பத்து முதல் முப்பது தொட்டி வரை இருந்தால் 2 லிட்டர் கை பம்புதான் சரி. மேலே உள்ள பிடியைப் பத்துப் பதினைந்து தடவை அடித்துக் காற்று ஏற்றிவிட்டுப் பொத்தானை அமுக்கினால், தானே பீய்ச்சும். பின்கட்டில் முருங்கை, எலுமிச்சை நிற்கிறவர்கள், நீளக் குழாயோடு தோளில் தொங்கும் 5 லிட்டர் பம்பைக் கேட்கலாம். பேட்டரி பம்பு மாடிக்கு வீண் செலவு.

மூக்கில் இருக்கிறது சங்கதி

நுனியில் உள்ள நாசில்தான் பம்புக்கு உயிர். பூச்சி குடியிருப்பது இலையின் அடிப்பக்கம். மேலே எவ்வளவு அடித்தாலும் அதற்கு மழை பெய்த மாதிரிதான்! ஆகவே நாசில் மேல் நோக்கித் திரும்ப வேண்டும். அல்லது குழாய் நுனி வளைந்திருக்க வேண்டும். திருகினால் பனிச்சாரல் போலத் தூவ வேண்டும். கோடு போல நீர் பாய்ந்தால் மருந்து இலையில் நிற்காமல் தரைக்குப் போய்விடும். பிளாஸ்டிக்கைவிடப் பித்தளை நாசில் நாள்பட உழைக்கும்.

கடையிலேயே, "கொஞ்சம் தண்ணி ஊத்திக் காட்டுங்கண்ணே" என்று கேட்டுவிடுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. காற்று ஏற்றி இரண்டு நிமிஷம் சும்மா வையுங்கள். கழுத்திலோ பிடியிலோ கசிந்தால் வேண்டாம். நாளைக்கு அங்கே கசிவது மருந்து, நனைவது உங்கள் கை. காற்றை வெளியேற்றும் வால்வு உண்டா, வாஷர் தனியாகக் கிடைக்குமா என்பதையும் கேளுங்கள். பெரும்பாலும் முதலில் போவது அந்த வாஷர்தான்.

ஊரிலிருந்து வரும் பழைய பம்பு

"ஊர்ல சும்மாத்தானே கிடக்கு" என்று வயல் பம்பைக் கொண்டு வருகிறவர்கள் ஜாக்கிரதை! அதில் களைக்கொல்லி அடித்திருந்தால், எவ்வளவு கழுவினாலும் ரப்பரிலும் குழாயிலும் மிச்சம் ஒட்டியிருக்கும். 2,4-டி என்ற களைக்கொல்லி துளி பட்டாலே தக்காளிச் செடி இலை சுருண்டு முறுக்கிக்கொள்ளும். அந்தக் காயைப் பறித்துத்தானே குழந்தைக்குச் சமைக்கிறோம்?

பம்பு என்றால் இளப்பமாக நினைக்கிறவர்கள் 2017-ல் மகாராஷ்டிராவில் நடந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். விதர்பா பகுதியில் பருத்திக்கு மருந்து அடித்த 20-க்கும் மேற்பட்டோர் விஷம் ஏறி இறந்தனர். மருந்தின் கடுமை, முகமூடி இல்லாதது ஆகியவற்றோடு, வேகமாகத் தூவும் பம்புகளும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டன. சாரல் ரொம்ப மெல்லிசாக இருந்தால் காற்றில் மிதந்து மூச்சோடு உள்ளே போகும்.

வீட்டுச் செடிக்கு அவ்வளவு கடுமையான மருந்தே தேவையில்லை. டப்பாவில் முக்கோணத்தில் உள்ள நிறத்தைப் பாருங்கள். சிவப்பு கொடிய விஷம். பிறகு மஞ்சள், நீலம் என்று கடுமை குறைந்து கடைசியில் பச்சை. சிவப்பும் மஞ்சளும் மாடிப்படி ஏறவே கூடாது. லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், அது கலங்கக் கொஞ்சம் சோப்புக் கரைசல். மாவுப்பூச்சி வந்த புதிதில் பலருக்கு இதுவே கைகொடுக்கிறது. வெயில் தணிந்த பிறகு, காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று அடிக்க வேண்டும்.

பஞ்சகவ்யம், மீன் அமிலம் ஊற்றுகிறவர்கள் வேட்டித் துணியில் இரண்டு தடவை வடிகட்டாவிட்டால் நாசில் அடைத்துக்கொள்ளும். அடைத்ததை வாயில் வைத்து ஊதுகிற ஆசாமிகளும் இருக்கிறார்கள். வேண்டவே வேண்டாம்! காற்றை இறக்கிவிட்டு நாசிலைக் கழற்றி, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் வேலை முடிந்தது. அந்த பிரஷ்ஷை மட்டும் மறுபடி குளியலறைப் பக்கம் கொண்டு போகாதீர்கள்.