பாரம் சுமக்கும் உடலுக்கும் பயிற்சி வேண்டும்

மாதர் சங்கக் கூட்டம் ஒன்றில் உடற்பயிற்சி பற்றிக் கதைக்கத் தொடங்கியதும் பின்வரிசையில் இருந்த அம்மா ஒருவர் சிரித்துவிட்டார். "விடிய நாலு மணிக்கு எழும்பி இடியப்பம் அவிச்சுக் கடைக்குக் குடுக்கிறன். பிறகு தோட்டத்துக்குத் தண்ணி மாறுறன். பின்னேரம் விறகு. இதுக்கு மேலயும் எனக்கு எக்சசைஸ் வேணுமோ பிள்ளை?" என்று கேட்டார். போரில் கணவரை இழந்து, 2009ஆம் ஆண்டுக்குப் பின்னர் மீளக்குடியேறி, மூன்று பிள்ளைகளைத் தனித்து வளர்த்தவர் அவர். அவரது கேள்வி நியாயமானதே.

கதிரையில் இருந்து கை ஊன்றாமல் பத்துத் தடவை எழும்பி இருக்கும்படி அவரிடம் கேட்டோம். ஆறாவது தடவையில் தொடை நடுங்க, கதிரையைப் பிடித்துக்கொண்டார். வயது 48.

வேலையும் பயிற்சியும் ஒன்றல்ல

வீட்டு வேலையும் தோட்ட வேலையும் உடலுக்கு அசைவைத் தருகின்றன என்பது உண்மை. ஆனால் குனிவதும் ஒரே இடுப்பில் குடத்தைத் தாங்குவதும் அடுப்படியில் குந்தியிருப்பதும் சில தசைகளை மட்டுமே நாள்தோறும் வருத்துகின்றன. மற்றவை வலுவிழக்கின்றன. பயிற்சி என்பது எல்லாத் தசைகளுக்கும் அளவாக வேலை கொடுத்து, பின் ஓய்வும் கொடுத்து, சிறிது சிறிதாகப் பாரத்தைக் கூட்டுவது. மாதவிடாய் நின்ற பின்னர் எலும்புகளும் மெலியத் தொடங்கும். பாரம் தூக்கும் பயிற்சி அதனைத் தாமதப்படுத்த உதவும். விரைவு நடை இரத்த அழுத்தத்தையும் சீனி வருத்தத்தையும் கட்டுப்படுத்த உதவும்.

நகரங்களில் பெண்கள் ஜிம்முக்குச் சென்று இந்த இரண்டையும்தான் செய்கின்றார்கள். மாதக் கட்டணமும் பஸ் காசும் கொடுக்க இயலாத நாம் அவற்றை முற்றத்திலேயே செய்யலாம்.

உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டலின்படி, வளர்ந்தோர் வாரத்தில் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமான வேகப் பயிற்சியும், இரண்டு நாட்களாவது தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் செய்ய வேண்டும். அதனை நாம் இவ்வாறு பிரித்துக்கொள்ளலாம்.

ஒரு வாரத்துக்கான ஒழுங்கு

திங்கள், வியாழன்: 15 நிமிட விரைவு நடை. பின்னர் 20 நிமிடம் பாரப் பயிற்சி.

செவ்வாய், புதன், வெள்ளி, சனி: 30 நிமிடம் விரைவு நடை அல்லது சைக்கிள் ஓட்டம். ஒரே தடவையில் முடியாவிட்டால் காலையில் 15, மாலையில் 15 எனப் பிரிக்கலாம்.

ஞாயிறு: ஓய்வு.

நடக்கும்போது கதைக்க முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக்கூடாது. அதுவே சரியான வேகம். புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் வாரத்தில் நாளொன்றுக்கு 10 நிமிடம் நடந்தால் போதும்.

பாரப் பயிற்சிக்கு ஒரு கதிரை, ஒரு சுவர், தண்ணீர் நிரப்பிய போத்தல்கள் போதுமானவை. ஒன்றரை லீற்றர் போத்தல் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. ஐந்து லீற்றர் கான் ஐந்து கிலோ.

1. கதிரையில் இருந்து கை ஊன்றாமல் எழும்பி, மெதுவாகத் திரும்ப இருத்தல்.
2. சுவரில் இரு கைகளையும் ஊன்றி, முழங்கையை மடக்கிச் சுவரை நெருங்கி, பின் தள்ளி நிமிர்தல்.
3. இரு கைகளிலும் போத்தலைப் பிடித்துத் தோளில் இருந்து தலைக்கு மேல் உயர்த்துதல்.
4. ஒரு கையைக் கதிரையில் ஊன்றிக் குனிந்து, மறுகையால் கானை இடுப்பு வரை இழுத்தல். பின் கையை மாற்றிச் செய்தல்.
5. பாயில் மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, இடுப்பை உயர்த்தி இறக்குதல்.

ஒவ்வொன்றையும் 8 முதல் 12 தடவை செய்து, ஒரு நிமிடம் ஆறி, மீண்டும் ஒரு சுற்றுச் செய்யுங்கள். தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள். மூச்சை அடக்கினால் இரத்த அழுத்தம் ஏறும். 12 தடவையும் இலகுவாக முடிந்தால் மட்டும் பாரத்தைச் சிறிது கூட்டுங்கள்.

கவனிக்க வேண்டியவை

நம்மில் பலரது உடலில் போரின் காயங்கள் இன்னும் உள்ளன. செல் துண்டு உடலில் தங்கியிருப்பவர்கள், செயற்கைக் கால் பொருத்தியவர்கள், இருதய நோய் அல்லது கருப்பை இறக்கம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்கள் வைத்தியரிடம் கேட்டபின் தொடங்குங்கள். சீனி வருத்தத்துக்கு இன்சுலினோ குளிசையோ பாவிப்பவர்கள் வெறும் வயிற்றுடன் பயிற்சி செய்ய வேண்டாம். வெறுங்காலுடனும் நடக்க வேண்டாம். காலில் உணர்வு குறைந்திருந்தால் முள் குத்தியதும் தெரியாது. நெஞ்சு நோவு, தலைச்சுற்று, மூச்சுத்திணறல் வந்தால் உடனே நிறுத்தி வைத்திய உதவியை நாடுங்கள்.

35 வயதைக் கடந்தவர்கள் உங்கள் பகுதியில் நடைபெறும் சுகவனிதையர் கிளினிக்குக்குச் சென்று இரத்த அழுத்தம், சீனி ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். குடும்பநல உத்தியோகத்தரிடம் நாளைக் கேட்டறியலாம்.

கண்ணிவெடி அகற்றல் முற்றுப்பெறாத இடங்கள் வடக்கில் இன்னும் உண்டு. ஆகவே தெரிந்த வீதியிலேயே நடவுங்கள். பற்றைக் காணிகளுக்குள் குறுக்கே போக வேண்டாம்.

"ஊர் கதைக்கும்"

பயிற்சிக்கு நேரமில்லை என்பதைவிட நாம் அதிகம் கேட்ட சொல் இதுதான். கணவனை இழந்தவள் காலையில் கைவீசி நடந்தால் ஒழுங்கை முழுவதும் பேச்சாகிவிடும் என்ற பயம். இந்தப் பயத்தைத் தனியொருத்தியால் உடைப்பது கடினம். மூன்று நான்கு பேர் சேர்ந்து, கோயிலடி வரை போய்த் திரும்புவதாகத் தொடங்கலாம். கூட்டமாக நடக்கும்போது துணையும் கிடைக்கும், மனதில் உள்ளதைச் சொல்ல ஒரு காதும் கிடைக்கும். ஒழுங்கான பயிற்சி நித்திரையைச் சீராக்கவும் மனச்சோர்வைக் குறைக்கவும் உதவும். இழந்தவர்களை அது மறக்கச் செய்யாது. இருப்பவர்களுக்காக எழுந்து நிற்கும் தெம்பைத் தரும்.

அன்று சிரித்த அம்மா மூன்று மாதங்களின் பின்னர் கதிரையில் இருந்து பதினைந்து தடவை எழும்பிக் காட்டினார். "காலம்பிற இடியப்பச் சட்டியை இறக்கேக்க இப்ப இடுப்பு பிடிக்கிறேல்லை" என்றார். சுவர் இருந்தால்தான் சித்திரம் வரையலாம் என்பார்கள். வீட்டைத் தாங்கும் சுவர் நீங்களே, சகோதரிகளே. வருகின்ற திங்கட்கிழமை இரண்டு போத்தல்களில் தண்ணீர் நிரப்பி வையுங்கள்.