மண்ணுக்குள் மூட்டிய தீ

கொட்டிய பணம் எவ்வளவு, கிட்டிய எண்ணெய் எவ்வளவு என்று கேட்போர் எந்நாளும் உண்டு. கேட்கட்டும்! கணக்குக் கேட்பது குற்றமல்ல. எதைக் கணக்கில் சேர்ப்பது என்று அறியாமல் கேட்பதுதான் கேடு.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலே, வெர்னல் நகருக்கு அருகே, அஸ்பால்ட் ரிட்ஜ் என்றொரு மேட்டுநிலம். அங்கே மணலெல்லாம் தார்! குழாய் இறக்கினால் ஊறி வராது; வெல்லப்பாகினும் கெட்டி. மேலாகக் கிடந்தால் வெட்டி எடுக்கலாம், ஆழத்தில் கிடந்தால்? கனடாவின் ஆல்பர்ட்டாவில் எடுக்கத்தக்க தார் மணல் எண்ணெயில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு, வெட்ட முடியாத ஆழத்தில்தான் இருக்கிறது.

நெய் உறைந்தால் அடுப்பருகே வைக்கிறோம். வழி அதேதான், அடுப்புதான் பூமிக்குள்! துளைக்கிணறு இறக்கி, காற்றை அழுத்திச் செலுத்தி, அடியிலே தீ மூட்டுகிறார்கள். ஒரு பகுதி எரிகிறது. அந்தச் சூட்டில் மிச்சம் இளகி அடுத்த கிணற்றுக்கு நகர்கிறது.

ஆய்வுக்கூடத்துக் குழாய்க்குள் தீ சொன்னபடி கேட்கும். மண்ணுக்குள் கேட்குமா? காற்று ஒரு பக்கம் ஒதுங்கினால் தீயும் ஒதுங்கும். இளகிய தார் குளிர்ந்த மணலில் மீண்டும் உறைந்து வழியை அடைக்கும். ஆகவே, லாரமி நகரத்து அரசு ஆராய்ச்சி நிலையத்தார் 1975-ல், காற்றுக்கு எதிராகத் தீயை நடக்கவிட்டனர். சுட்ட மணல் வழியே எண்ணெய் வந்தால் உறையாதன்றோ! 1977-78-ல் முதலில் எதிர்த்தீ, பிறகு காற்றோடு செல்லும் தீ. 1980-ல் தீயை விட்டு நீராவி.

இரு தீச் சோதனைகளிலும் கிடைத்தது சில நூறு பீப்பாய்களே. "இவ்வளவுதானா?" என்பர். ஆம், இவ்வளவுதான்! சந்தைக்கு எண்ணெய் எடுக்கப் போனவர்களல்லர் அவர்கள். தீயின் குணத்தைப் படிக்கப் போனவர்கள். தோற்றாலும் துண்டு நிலத்தோடு தோல்வி நிற்கட்டும் என்பதற்கே அந்தச் சிறு சோதனை.

நம் நாட்டிலும் சான்று உண்டு. குஜராத்தின் பலோலில் இருப்பது தார் மணல் அல்ல, கெட்டி எண்ணெய். ஆயினும் முறை இதேதான். அரசுத்துறை நிறுவனமான ஓ.என்.ஜி.சி. 1990-ல் சிறு அளவில் தீ மூட்டிப் பார்த்தது. 1997-லேதான் வணிக அளவில் விரித்தது. ஏழாண்டுப் பொறுமை!

ஒன்று மட்டும் வற்புறுத்துவோம். தீ எரிந்தால் கரியமில வாயு உண்டு. நிலத்தடி நீருக்கு ஊறு நேரவும் கூடும். அந்தக் கணக்கும் அதே ஏட்டில் ஏறவேண்டும். சோதனையே வீண்செலவு என்போரும், சோதிக்காமலே சொர்க்கம் காட்டுவோரும் ஏட்டைப் பாதி படித்தவர்களே!