ஜாவாவில் ஹேஷ்மேப்

ஹேஷ்மேப் என்பது ஜாவா மொழியின் செந்தர வகுப்பு நூலகத்தில், ஜாவா.யூட்டில் பேக்கேஜில் உள்ள ஒரு வகுப்பு ஆகும். 1998-இல் வெளியான ஜாவா 1.2 பதிப்பில், ஜாஷுவா பிளாக் வடிவமைத்த கலெக்‌ஷன்ஸ் கட்டமைப்புடன் இது வந்தது. ஒரு சாவியைக் கொடுத்தால், அதனுடன் சேமித்த மதிப்பை இது திருப்பித் தரும்.

ஸ்ட்ரிங், இன்டீஜர் போன்றவற்றைச் சாவியாகப் பயன்படுத்தும்வரை சிக்கல் இல்லை. நாமே எழுதிய வகுப்பைச் சாவியாக்கும்போதுதான் அது தொடங்குகிறது. பதிவெண் மட்டும் கொண்ட 'மாணவர்' என்ற வகுப்பை எடுத்துக்கொள்வோம். 101 என்ற எண்ணுடன் ஒரு பொருளை உருவாக்கி, அதைச் சாவியாக வைத்து மதிப்பெண்ணைச் சேமிக்கிறோம். பின்னர் அதே 101-உடன் இன்னொரு பொருளை உருவாக்கித் தேடினால், 'நல்', அதாவது எதுவும் இல்லை என்றே விடை வரும். பிழைச்செய்தி ஏதும் வராது என்பதால் இதைக் கண்டுபிடிப்பது கடினம்.

ஹேஷ்மேப் முதலில் சாவியின் ஹேஷ்கோட் மெத்தடை அழைக்கிறது. அது தரும் எண்ணைக் கொண்டு, பக்கெட் எனப்படும் அறைகளுள் எதில் தேடுவது என முடிவு செய்கிறது. பிறகுதான் அந்த அறைக்குள் ஈக்வல்ஸ் மெத்தடால் ஒப்பிடுகிறது. இவ்விரண்டையும் நாம் எழுதாவிட்டால் ஆப்ஜெக்ட் வகுப்பில் உள்ளவையே இயங்கும். அவற்றைப் பொறுத்தவரை, ஒரே பதிவெண் இருந்தாலும் இரு பொருள்களும் வெவ்வேறு. ஈக்வல்ஸை மட்டும் எழுதுவதும் போதாது, தேடல் வேறு அறைக்குப் போய்விடக்கூடும். பாடநூல்கள் பலவும் ஒரு வரியில் கடந்துவிடும் விதி இது: ஈக்வல்ஸ் சமம் என்று சொல்லும் பொருள்களுக்கு ஹேஷ்கோடும் ஒன்றாகவே இருக்க வேண்டும்.

சேமித்த பிறகு சாவியின் பதிவெண்ணை மாற்றினாலும் இதே கதிதான். ஜாவா 16 முதல், வகுப்பை ரெக்கார்டாக அறிவித்தால் இவ்விரு மெத்தட்களும் தாமாகவே உருவாகும். அதன் புலங்களுக்குப் பின்னர் வேறு மதிப்புத் தரவும் முடியாது.