‘கடலும் கிழவனும்’ குறும்புதினத்தில் கிறித்தவ உட்பொருள்

சமயக் கருத்தைப் பரப்பும் நோக்கமின்றி எழுதப்பெற்ற புனைகதைகளிலும் கிறித்தவ உட்பொருள் காணும் வழக்கம் திறனாய்வில் நெடுங்காலமாக உண்டு. அவ்வாறு காண்பதற்கு எல்லை யாது என்னும் வினாவை, எர்னெஸ்ட் ஹெமிங்வே எழுதி 1952இல் வெளிவந்த ‘கடலும் கிழவனும்’ என்னும் குறும்புதினத்தைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

கியூபா நாட்டு முதிய மீனவன் சாந்தியாகோ 84 நாள்களாக மீன் ஏதும் பெறாதவன். 85ஆம் நாள் தனியே நெடுந்தொலைவு சென்று, மார்லின் என்னும் பெருமீன் ஒன்றைத் தூண்டிலில் பிடிக்கிறான். மூன்றாம் நாளில் அதனைக் கொல்கிறான். திரும்பும் வழியில் சுறாக்கள் அதனைத் தின்றுவிட, எலும்புக்கூடே கரை சேர்கிறது.

இக்கதையில் கிறித்துவின் பாடுகளை நினைவூட்டும் கூறுகள் பல. சாந்தியாகோ என்பது மீனவராயிருந்து திருத்தூதரான யாக்கோபின் பெயருடைய இசுபானிய வடிவம். தூண்டிற்கயிறு அவன் கைகளை அறுத்துப் புண்ணாக்குகிறது. சுறாக்களைக் கண்டு அவன் எழுப்பும் ஒலியை, ஆணி கையைத் துளைத்து மரத்தில் இறங்கும்போது ஒருவனிடமிருந்து எழக்கூடிய ஒலியோடு ஆசிரியர் ஒப்பிடுகிறார். கரை சேர்ந்தபின் பாய்மரத்தைத் தோளிற் சுமந்து மேடேறும் அவன், குடிசையை அடையுமுன் ஐந்து முறை அமர்ந்து இளைப்பாறுகிறான். பின்னர்க் கைகளை நீட்டி, உள்ளங்கை மேல்நோக்கியிருக்கக் குப்புறப் படுத்து உறங்குகிறான். இவையனைத்தையும் தற்செயல் எனத் தள்ளுதல் அரிது.

எனினும், இக்கதையில் குறியீடு எதுவுமில்லை என ஹெமிங்வே 1952இல் கலை வரலாற்றறிஞர் பெர்னார்டு பெரன்சனுக்கு எழுதிய மடலில் மறுத்துள்ளார். கதைக்குள்ளும் தடைகள் உள. தான் சமயப் பற்றுடையவன் அல்லன் எனச் சாந்தியாகோவே கூறுகிறான். மீன் கிடைப்பதற்காகச் செபங்கள் சொல்வதாக நேர்ந்துகொள்கிறான். சொன்ன பின்னரும் வலி குறையவில்லை. அவன் துன்பம் எவரையும் மீட்பதன்று. எனவே, சாந்தியாகோவே கிறித்து என்று முடிவு கட்டுவது பொருந்தாது.

இவ்விடத்து உருவகக் கதைக்கும் இத்தகைய புனைகதைக்கும் உள்ள வேறுபாட்டை உணர்தல் வேண்டும். ஜான் பனியனின் ‘மோட்சப் பிரயாணம்’, அதனைத் தழுவி எச். ஏ. கிருஷ்ணப்பிள்ளை இயற்றிய ‘இரட்சணிய யாத்திரிகம்’ ஆகியவற்றில் ஒவ்வொரு மாந்தரும் ஒரு சமயக் கருத்தின் வடிவம். அக்கருத்தை அறிந்தாலன்றிக் கதை விளங்காது. சாந்தியாகோவோ முதலில் மீனவன். அவனைக் கருத்தொன்றின் முகமூடியாக்கினால், அவன் பசியும் மூப்பும் தோல்வியும் பொருளிழந்து போகும்.

அவ்வாறாயின் கிறித்தவ வாசிப்புக்கு இங்கு இடமில்லையா எனின், உண்டு. ஆனால் அதன் திசை வேறு. எளியோருள் ஒருவருக்குச் செய்ததைத் தனக்கே செய்ததாகக் கிறித்து கூறுவதை மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில் காணலாம். அதன்வழி நோக்கின், ஏழை மீனவன் ஒருவனின் காயத்தைச் சிலுவைக் காயத்திற்குரிய மதிப்போடு காணப் பழக்குவதே இப்படிமங்களின் பணி எனலாம்.

கதையின் முடிவு இதற்கு அரண் செய்கிறது. கரையில் கிடக்கும் எலும்புக்கூட்டைக் காணும் சுற்றுலாப் பயணியர் அதனைச் சுறாவினுடையது எனத் தவறாகக் கொள்கின்றனர். சிறுவன் மனோலினோ உறங்கும் கிழவனின் கைகளைக் கண்டு அழுகிறான். சமய உட்பொருளைத் தேடும் வாசகர் கற்கவேண்டியது சிறுவனின் பார்வையையே ஆகும்.