செல்ஃப் சுத்துது, ஸ்டார்ட் ஆகலை: பழைய டீசல் பிக்-அப்பில் எதைப் பார்ப்பது?

தக்காளி லோடோடு மேடு ஏறும் பழைய டீசல் பிக்-அப் திணறி ஆஃப் ஆகிறது. மறுபடி ஸ்டார்ட் ஆகலை.

முதல்ல பிரேக். இன்ஜின் நின்றால் வேக்யூம் உதவி ஓரிரு மிதிக்குத்தான் தாங்கும். விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி ஓரங்கட்டுங்க. டயருக்குக் கல் வையுங்க.

செல்ஃப் நல்லா சுத்தினால் பேட்டரியைத் திட்ட வேண்டாம். சைலன்சரில் வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை; அது மெக்கானிக் வேலை. புகையே இல்லையா? டீசலே போகலை. டேங்கை நேரில் பாருங்க, பழைய வண்டியில் முள் பொய் சொல்லும். பம்பில் ஸ்டாப் சோலனாய்டு இருந்தால், சாவி திருப்பும்போது 'டிக்' சத்தம் வரணும். வரலைன்னா வயரைப் பாருங்க.

அதுவும் சரின்னா, பெரும்பாலும் ஏர் பிடிச்சிருக்கும். ஃபில்டர் மேல் உள்ள ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை கைப் பம்பை அடித்து, இறுக்குங்க. ஸ்டார்ட் ஆகி, மறுநாள் மறுபடி நின்றால்? டேங்குக்கும் பம்புக்கும் நடுவே ஹோஸில் விரிசல். அங்கே டீசல் உறிஞ்சப்படுவதால் வெளியே சொட்டாமலும் இருக்கலாம், காற்று மட்டும் உள்ளே போகும். தரை காய்ந்திருக்கேன்னு ஏமாந்துடாதீங்க. ஹோஸையும் கிளாம்பையும் மாத்திடுங்க.