பாக்ரா அணை கட்டிய ஹார்வி ஸ்லோகம்

ஓடும் நதியின் குறுக்கே அணை எழுப்ப விரும்புவோன், முதலில் அந்நதியை விலகிச் செல்லச் செய்தல் வேண்டும். பாக்ராவில் சட்லெஜ் நதி, இருபுற மலைகளுள்ளும் குடையப்பட்ட இரண்டு சுரங்கங்களின் வழியே திருப்பப்பட்டது. வறண்ட படுகையில் பாறையை அகழ்ந்து பார்த்தபோது, மணற்பாறைகளுக்கிடையே களிமண் அடுக்குகள் காணப்பட்டன. அவற்றைத் தோண்டியெடுத்து, அவ்விடத்தைக் கான்கிரீட்டால் நிரப்பிய பின்னரே அணையை எழுப்ப இயன்றது.

இவ்வேலையை முன்னின்று நடத்தியவர் அமெரிக்கரான ஹார்வி ஸ்லோகம். பொறியியற் பட்டம் பெறாத அவர், சாதாரணத் தொழிலாளியாக வாழ்க்கையைத் தொடங்கியவர். 1930-களில் கொலம்பியா நதியின் கிராண்ட் கூலி அணையில் நிர்மாண மேற்பார்வையாளராகப் பணியாற்றியவர். 1952-இல் பாக்ராவுக்கு வந்தார். பட்டம் பெற்ற இந்தியப் பொறியாளர்களும் பட்டம் பெறாத அந்த முதியவரும் ஒருங்கே உழைத்தனர். 1955 நவம்பரில் கான்கிரீட் இடும் பணியைப் பிரதமர் நேரு தொடங்கி வைத்தார்.

கான்கிரீட் இறுகும்போது வெப்பம் உண்டாகும். பெரும் அணையில் அவ்வெப்பம் உள்ளேயே தங்கினால், பிற்பாடு ஆறிச் சுருங்குகையில் வெடிப்புகள் தோன்றும். ஆகவே அதனைத் தனித்தனிக் கட்டங்களாக வார்த்து, குளிர்விக்கவும் வேண்டும். அவசரம் கூடாது, ஆனால் வெள்ளக் காலமோ காத்திராது. 1959-இல், ஒரு சுரங்கத்தின் கதவுகளை இயக்கும் அறை உடைந்து நீர் பாய்ந்தது. சிலர் உயிரிழந்தனர். அவ்வழியை அரும்பாடுபட்டு அடைத்த பின்னரே வேலை தொடர்ந்தது.

1961-இல் ஸ்லோகம் காலமானார். அணை அப்போது முடிவுறவில்லை. எனினும் வேலை நின்றுவிடவில்லை. அவருடன் உழைத்தவர்கள் அதனை நிறைவேற்றினர். 1963 அக்டோபர் 22-இல் நேரு அதனை நாட்டுக்கு அர்ப்பணித்தார். அணையின் உயரம் 226 மீட்டர். அதன் இரு மின் நிலையங்களின் திறன் இன்று 1,300 மெகாவாட்டுக்கு மேற்பட்டது. ஆயினும் கோவிந்த சாகர் ஏரியில் பழைய பிலாஸ்பூர் நகரம் மூழ்கிற்று என்பதையும், அம்மக்கள் தந்த விலையையும் நாம் மறத்தலாகாது.

பாக்ராவில் பெற்ற அனுபவம் பின்னர் பியாஸ் நதித் திட்டங்களுக்கும் உதவிற்று. வேலையைக் கற்றுக்கொடுத்து, தாம் இல்லாதபோதும் அது நடைபெறச் செய்தாரே, ஸ்லோகத்தின் பணியில் அதுவே நிலைத்த பகுதி எனலாம்.